அழுகலை எறிந்தது குற்றமாம்

அழுகினதை எறிந்தவள் நான். அதற்கு மன்னிப்புக் கேட்கமாட்டேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஜெர்மனிக்குப் படிக்கப் போன புதிது. அங்கே வைனுக்குத் திராட்சை வளர்க்கும் மலைக்கிராமம் ஒன்றில் பெரியம்மாவின் மகள் மாலதி அக்கா இருக்கிறாள். அறுவடை வேலைக்கு என்னைச் சேர்த்துவிட்டதே அவள்தான். (அம்மாவிடம் ‘பழத்தோட்டம்’ என்று மட்டும் சொன்னோம். பொய்யில்லையே!)

“தோட்டக்காரர் என்ட பேச்சுக்காகத்தான் உன்ன எடுத்தவர். என்ட மானத்த வாங்கிராத கா.”

“எங்கட பழுகாமத்து வயல் வட்டையில நெல்லு வெட்டினவளுக்கு நீ அறுவடை படிப்பிக்கிறியா?”

வாய்தான். எங்கள் வயலில் ஆக உயரமான இடம் வரம்பு. அங்கேயோ கூரைமேல் நட்டதுபோல நின்றன கொடிகள். ஒரு கையால் கம்பைக் கட்டிப்பிடித்து, மறுகையால் குலை வெட்டினேன். கீழே நடைபாதையில் கிழடுகள் ஊன்றுகோலோடு பாடிக்கொண்டே மலையேறின. (பொழுதுபோக்காம்!)

மேல் வரிசைக்குப் போனால், குலையெல்லாம் சுருங்கிச் சாம்பல் பூஞ்சணம். எங்கள் வீட்டில் இறால் கூடையில் ஒன்று நாறினாலும் உடனே எறிய வேண்டும், இல்லாவிட்டால் அம்மாவின் அகப்பைதான் பேசும். அதே கடமையுணர்வோடு அத்தனையையும் வெட்டி மதிலுக்கு அப்பால் வீசினேன். ஒன்று ஒரு கிழவியின் தொப்பியில் விழுந்தது. பாட்டு நின்றது.

தோட்டக்காரர் கத்திக்கொண்டு ஓடிவந்தார். பின்னால் அக்கா.

“என்னடி செஞ்சாய்? அந்தப் பூஞ்சணத்துக்குத்தான் இவர் இவ்வளவு நாளும் காத்திரிந்தவர்! அதிலதான் விலகூடின இனிப்பு வைன் செய்யிற!”

“அழுகினதிலயா?”

“ஓம்!”

“அப்ப நல்ல பழத்தில?”

“அது சும்மா வைன். மன்னிப்புக் கேளுடி!”

“ஏலா! பழுதானத எறியச் சொல்லித்தரத் தேவல்ல. எறியாத எண்டாத்தான் முதல்லயே சொல்லணும். இத அப்பிடியே அவருக்குச் சொல்லு!”

அக்கா என்னத்தைச் சொன்னாளோ, அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, வெட்டிய குலைகளை முதுகில் சுமக்கிற பெரிய தொட்டியைக் காட்டினார்.

“உன்ன வேலையால நிப்பாட்டல்லயாம். ஆனா கத்தரிக்கோல் இனித் தரமாட்டாராம். சுமக்கட்டாம்.”

சுமந்தேன். அறுவடை முடியும்வரை அந்தச் செங்குத்தில் ஏறி இறங்கினேன். கிழடுகள் தினமும் என்னை முந்திப் போயின. அந்தக் கிழவி மட்டும் என்னைக் கண்டதும் தொப்பியை இரு கையாலும் பொத்திக்கொண்டு போனாள். அடுத்த வருடம் தோட்டக்காரரே அக்காவிடம் கேட்டாராம்: “அந்த வாய்க்காரியை அனுப்பு, அவளைப்போல சுமக்க ஆளில்லை.” அக்காவின் மானம் என் முதுகில் தப்பியது.

இப்போது விடுமுறைக்கு ஊரில் நிற்கிறேன். (முழுக்கதையும் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது.) மாம்பழம் ஒன்று அழுகினால் போதும், தம்பி தொடங்கிவிடுவான்: “அம்மா, எறியாதீங்க! அக்கா ஜெர்மனிக்குக் கொண்டுபோகட்டும், அங்க அதுக்குத்தான் மதிப்பு!”

வீடே சிரிக்கும். நான் அதை அவன் கையிலிருந்து பறித்து வேலிக்கு வெளியே எறிவேன். நன்றாக, தூரமாக.