தாம்பாள அளவில் ஓர் ஆகாயம்

மலேசியாவின் கெடா மாநிலத்தில் ஒழுகாத கூரை போடத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். ஒழுகும் கூரைக்குக் கீழே தலை நனைய உட்கார்ந்துகொண்டு, அது ஒழுகவில்லை என்று எதிரில் நனைந்துகொண்டிருப்பவரையும் நம்பவைக்கப் பார்த்தவர், எனக்குத் தெரிந்து ஒருவர்தான். எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், அவருக்குப் பெயர் சிலிக்கோன் அண்ணன்.

அடையாள அட்டையில் வேறு பெயர் இருந்திருக்க வேண்டும். அது தபால்காரருக்கு மட்டும் தெரிந்திருக்கலாம். ஓட்டை அடைக்கும் சிலிக்கோன் பசைக் குழாயைப் பொருத்தி அழுத்தும் துப்பாக்கியைக் காற்சட்டையின் பின்பையில் செருகிக்கொண்டு, சுங்கை பட்டாணி பசாருக்கு மீன் வாங்கப் போகிற மனிதரை வேறு எப்படிக் கூப்பிடுவது? குளியலறைக் குழாய், வாய் பிளந்த செருப்பு, மூக்குக்கண்ணாடியின் கால், பீங்கான் பிள்ளையாரின் உடைந்த தும்பிக்கை, எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே மருந்துதான். ஒருமுறை என் வீட்டு அழைப்பு மணி வேலை செய்யவில்லை என்றேன். வந்து பார்த்தார். மணியைச் சுற்றி வெள்ளையாக ஒரு வட்டம் போட்டுவிட்டுப் போனார். மணி அதற்குப் பிறகும் அடிக்கவில்லை. ஆனால் சுவரை இடித்தாலொழிய இனி அதை யாராலும் கழற்ற முடியாது.

அண்ணன், கூலிம் ஹைடெக் தொழிற்பூங்காவுக்கு ஆட்களை ஏற்றிப் போகும் வேனின் ஓட்டுநராக இருந்தவர். அவர் மனைவி கமலா அக்கா அங்கே கணினிச் சில்லு செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தார். அண்ணன் ஓட்டுவார், அக்கா ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கியபடி போவார், தூங்கியபடி வருவார். இருவரும் ஓய்வு பெற்ற சமயம், வேன் முதலாளி அந்த நீளமான பழைய வேனைக் கழித்துக்கட்ட முடிவு செய்தார். அண்ணன் அதை வாங்கிவிட்டார். இருக்கைகளைப் பிடுங்கிப் போட்டுக் கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்து, மோட்டார்ஹோம் என்று அறிவித்தார்.

அக்காவுக்கும் அதில் சம்மதம்தான். "இத்தன வருசமா உக்காந்துக்கிட்டே தூங்கிட்டேன் தம்பி. இனிமே நல்லாப் படுத்துக்கிட்டு ஊர் ஊராப் போணும்" என்று என்னிடம் வேலிக்கு மேலாகச் சொன்னார்.

அந்த ஒரு வார்த்தைக்காக அண்ணன் கூரையில் ஓட்டை போட்டார். படுத்தபடியே நட்சத்திரம் பார்க்கலாம் என்பது அவர் ஏற்பாடு. அளவு நாடா கைக்குக் கிடைக்கவில்லை. கிடைத்தது, நிச்சயதார்த்தங்களுக்கு அக்கா வரிசை எடுத்துப் போகும் தாம்பாளம். அதைக் கூரைமேல் கவிழ்த்து, மார்க்கர் பேனாவால் சுற்றிக் கோடு போட்டு, கோட்டின் வழியே அறுத்தார். மேலே, கடைப் பெயர்ப் பலகைக்குப் போடுகிற பிளாஸ்டிக் தகட்டை வட்டமாக வெட்டி ஸ்க்ரூ அடித்தார். ஸ்கைலைட் தயார். தாம்பாளத்தின் விளிம்பில் ரம்பத்தின் பல் பட்டிருந்தது. அக்கா முதலில் கோபித்துக்கொண்டது அதற்குத்தான்.

முதல் பயணம் யான் என்ற கடலோர ஊருக்கு. ஒரு பக்கம் வயல், ஒரு பக்கம் கடல், முதுகுக்குப் பின்னால் ஜெராய் மலை. இடம் பிரமாதம். மலையிலிருந்து இறங்கிய மேகம் நட்சத்திரங்களை மறைத்துவிட்டு மழையாகப் பெய்தது. அங்கே நடந்த உரையாடலை அக்கா எனக்கு நடித்தே காட்டியிருக்கிறார்.

"என்னாங்க, மேல ஒழுகுது."

"ஒழுகல கமலா. வேர்க்குது."

"என்னாது?"

"உள்ள சூடு, வெளிய குளிரு. பிளாஸ்டிக்கு வேர்க்கும் லா. அது சயின்ஸு."

"உங்க சயின்ஸு என் தலகாணிய நனைச்சிருச்சு."

"இன்னைக்கு ரொம்ப வேர்க்குது போல."

ஊருக்குத் திரும்பியதும் யாருக்கும் தெரியாமல் கூரைமேல் ஏறி, விளிம்பைச் சுற்றி வெள்ளைச் சிலிக்கோன் போட்டார். அடுத்த மழைக்கும் வேர்த்தது. அதன்மேல் நிறமில்லாத சிலிக்கோன் போட்டார். அதற்கும் வேர்த்தது. பிறகு சாலை போடுபவர்களிடம் கேட்டு வாங்கிவந்த தார். தாரின்மேல் பிஸ்கட் டின் மூடி. மூடியைச் சுற்றி மறுபடியும் சிலிக்கோன். ஒழுகவில்லை என்று சொன்ன ஒரு மனிதர், ஒழுகாத இடத்தை இவ்வளவு பாடுபட்டு அடைப்பானேன் என்று யாராவது கேட்டால், "ஒரு பாதுகாப்புக்கு லா" என்பார்.

கடைசியில், கடற்கரையில் ஊன்றுகிற பெரிய குடையைக் கூரையில் நிறுத்திக் கட்டினார். அதோடு குரூண் பக்கம் போனபோது சாலைத்தடுப்பில் போலீஸ் நிறுத்தியது.

"என்சிக், இது பாயோங்" என்றார் அண்ணன் மலாயில்.

அது குடை என்பது போலீஸ்காரருக்கும் தெரிந்திருந்தது. வெயில் கொளுத்தும்போது வேனின் தலையில் எதற்குக் குடை என்பதுதான் அவர் கேள்வி. வேனுக்கு அடிக்கடி வேர்க்கும் என்று அண்ணன் விளக்கினார். போலீஸ்காரர் குடையைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். பக்கத்தில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நேராக முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்த அக்காவைப் பார்த்தார். அக்காவுக்கு மட்டும் ஒரு சல்யூட் அடித்துவிட்டு, குடையை இறக்கிவைத்துக்கொண்டு போகச் சொன்னார்.

அக்காவின் பொறுமை அந்தச் சல்யூட்டோடு தீர்ந்தது. வேனை விற்கப்போவதாக ஊருக்குள் சொல்லிவிட்டார். அலோர் ஸ்டாரில் நாசி கண்டார் கடை வைத்திருக்கும் ஒரு பாய், வண்டியிலேயே சோறு விற்கலாம் என்ற யோசனையோடு பார்க்க வந்தார். வந்த நேரம் நல்ல மழை. விற்கிற பொருளின் குறையை மறைக்கக் கூடாது என்று, அக்கா அவரைச் சரியாக ஓட்டைக்குக் கீழே கொண்டுபோய் நிறுத்தினார். பாயின் தொப்பியில் சொட்டென்று விழுந்தது. பாய் அண்ணாந்து பார்த்தார். முகமெல்லாம் மலர்ந்தது.

"மாஷா அல்லா! ஓட்ட ரெடியா இருக்கே. பொகை போக நானா வெட்ட வேணாம்."

"பாய், அது ஓட்ட இல்ல. ஸ்கைலைட்டு" என்றார் அண்ணன்.

"நீங்க என்னா பேரு வேணாலும் வைங்க அண்ணே. எனக்குப் பொகை போனாப் போதும்."

அண்ணனின் முகத்தைப் பார்த்து அக்காவுக்கே என்னவோ போல் ஆகியிருக்க வேண்டும். விலை பேசவில்லை. தீர்ப்பை மட்டும் தள்ளிவைத்தார்.

"பாய், அடுத்த பெரிய மழைக்கு வாங்க. உள்ள ஒரு சொட்டு விழுந்தாலும் சாவி உங்களுக்கு. விழலன்னா வேன் எங்களுக்கு. நாங்க கெளம்பிருவோம்."

அண்ணன் வாயைத் திறந்தார்.

"வேர்த்தாலும் சாவி பாய்க்குத்தான்" என்றார் அக்கா.

அண்ணன் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு சாமானை முறைப்படி வாங்கினார். இணையத்தில் சொல்லி வரவழைத்த அசல் ஸ்கைலைட். இரட்டைப் பிளாஸ்டிக், வெள்ளைச் சட்டம், கொசுவலை, திறந்து மூடும் கைப்பிடி. பெட்டியைப் பிரித்துக் கூரைமேல் வைத்துவிட்டு, வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, தப்பா அனுப்பிட்டானுங்க லா. சதுரமா இருக்கு."

"எல்லாமே சதுரமாத்தான் வரும், அண்ணே."

"ஆகாசம் சதுரமாவா இருக்கு?"

ஏணியில் ஏறினேன். முதல் வேலை பழையதைச் சுரண்டி எடுப்பது. பத்திரிகை வேலையில் இருந்தபோது லெம்பா பூஜாங்கில் பழங்காலக் கோயில்களைத் தேடித் தோண்டிய இடங்களைப் போய்ப் பார்த்திருக்கிறேன். அங்கேகூட இத்தனை அடுக்குகள் இல்லை. சிலிக்கோனுக்குக் கீழே பிஸ்கட் மூடி, மூடிக்குக் கீழே தார், தாருக்குக் கீழே மறுபடியும் சிலிக்கோன், அதற்குள் புதைந்து ஒரு தேக்கரண்டி. இன்னும் கொஞ்சம் சுரண்டியபோது ஒரு சிவப்புச் சீப்பு வந்தது.

"என் சீப்பு!" என்றார் கீழே நின்ற அக்கா. "வேலக்காரப் பொண்ணு எடுத்துட்டான்னு அந்தப் பிள்ளைய எத்தன நாளு மொறச்சேன்!"

"சிலிக்கோன் பரப்ப அதான் கமலா வாட்டமா இருந்துச்சு" என்றார் அண்ணன்.

அக்கா கையைக் காட்டி அண்ணனைக் கீழே இறக்கினார். அண்ணனின் பின்பையிலிருந்து துப்பாக்கியை உருவிக்கொண்டு, நாற்காலியைப் போட்டு அதை மடியில் வைத்து உட்கார்ந்துவிட்டார். வேலை முடியும்வரை எழுந்திருக்கவில்லை.

பெட்டியோடு வந்த செய்முறைத் தாளில் இருந்தபடியே செய்தோம். வட்டத்தைச் சதுரமாக அறுத்தோம். துருப்பிடித்த விளிம்பை வெட்டியெறிந்து, உள்ளே புது மரச்சட்டம் கொடுத்தோம். கூரையைத் துடைத்துக் காயவிட்டோம். ஸ்கைலைட் சட்டத்தின் அடியில் பிசுபிசுப்பான ரப்பர் நாடாவை ஒட்டி, ஓட்டையின்மேல் உட்கார வைத்து, ஒரு மூலை, அதற்கு எதிர்மூலை என்று ஸ்க்ரூவை மாற்றி மாற்றி முறுக்கினோம். நாடா நான்கு பக்கமும் ஒரே சீராகப் பிதுங்கி வந்தது. பார்க்க அழகாக இருந்தது. தாளின் கடைசி வரியில்தான் அண்ணன் நொடிந்துபோனார். சிலிக்கோன் பயன்படுத்தக் கூடாது என்று அதில் போட்டிருந்தது.

"கல்யாணத்துக்கு வான்னு கூப்ட்டு, சாப்பாடு கெடையாதுன்னு சொல்ற மாதிரி இருக்கு லா" என்றார்.

ரப்பர் குழாயால் தண்ணீர் அடித்துப் பார்த்தபோது தாமானே கூடிவிட்டது. உள்ளே ஒரு சொட்டு இல்லை. ஆட்கள் கைதட்டினார்கள். அண்ணன் கூரைமேலேயே நின்று இரண்டு கைகளையும் கூப்பினார். தேர்தலில் ஜெயித்தவர்கள் அப்படி நிற்பார்கள்.

அதன்பிறகு பூசை. வேன் புதிதில்லை என்றாலும், அக்கா முறை மாறாமல் தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்க வைத்தார். திருஷ்டிக்கு எலுமிச்சையும் மிளகாயும் கோத்துக் கட்டுகிற வேலை அண்ணனுடையது. எல்லோரும் முன் பம்பரில் கட்டுவார்கள். அண்ணன் யோசித்தார். ஊர்க் கண் பட்டது பம்பரிலா? கூரையில் அல்லவா? ஆகவே எலுமிச்சை கூரைக்கு ஏறியது. கூட்டம் கலைந்த பிறகு அவர் தனியாகச் செய்த வேலை அது. எலுமிச்சை அங்கே எதில் தொங்குகிறது என்று யாரும் கேட்கவில்லை.

ஒரு மத்தியானம் ஜெராய் மலை கறுத்தது. அக்கா அலோர் ஸ்டாருக்குப் போன் போட்டார். பாய் சாப்பாட்டுக் கேரியரோடு வந்து சேர்ந்தபோது முதல் தூறல் விழுந்தது. பிறகு மழை கொட்டியது.

அக்கா கட்டிலில் மல்லாந்து படுத்து, கண்ணைச் சிமிட்டாமல் மேலே பார்த்துக்கொண்டிருந்தார். பாய் அடுப்புப் பக்கம் உட்கார்ந்தார். நான் கதவோரம். அண்ணன் நடுவில், கட்டிலின் கால்மாட்டில் நின்றார். ஸ்கைலைட்டின்மேல் மழை அறைந்தது. சட்டத்தின் நான்கு ஓரமும் காய்ந்தே இருந்தன. பாயின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வாடியது. அண்ணன் சிரிக்க ஆரம்பித்தார்.

சிரிப்பு பாதியில் நின்றது. அவர் கை மெதுவாக வழுக்கைத் தலைக்குப் போனது. தடவிய விரல்களைப் பார்த்தார். பிறகு மேலே பார்த்தார்.

அக்கா அதைப் பார்க்கவில்லை. அவர் கண் ஸ்கைலைட்டில் இருந்தது. பாயும் பார்க்கவில்லை. மூடிய வேனுக்குள் நாங்கள் நாலு பேர். எல்லோர் நெற்றியிலும் வேர்வை. இதுவரை சொல்லிவந்ததை அன்றைக்குச் சொல்லியிருந்தால் சயின்ஸே அவர் பக்கம் நின்றிருக்கும். கையைத் துடைத்துக்கொண்டு சும்மா இருந்தாலும் வேன் அவருடையதுதான்.

"கமலா" என்றார். "ஒழுகுது."

அக்கா எழுந்து உட்கார்ந்தார். "எங்கங்க? நான் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்?"

"அங்க இல்ல. இங்க." அண்ணன் தன் தலைக்கு நேர்மேலே காட்டினார். புதுச் சட்டத்துக்கு ஒரு சாண் தள்ளி, கூரையைத் துளைத்துக்கொண்டு ஒரு ஸ்க்ரூவின் முனை பளபளத்தது. அதன் நுனியில் அடுத்த சொட்டு தயாராகிக்கொண்டிருந்தது. "நான்தான் அடிச்சேன். எலுமிச்சங்கா மாட்ட."

அண்ணனே போய்க் கொக்கியிலிருந்து சாவியை எடுத்துப் பாயிடம் நீட்டினார். பாய் கையை நீட்டுவதற்குள் அக்கா குறுக்கே வந்து வாங்கிக்கொண்டார்.

"அக்கா, ஒரு சொட்டு விழுந்துச்சே" என்றார் பாய்.

"அவரு தலையில விழுந்துச்சு பாய். அது எங்க வீட்டு விசயம்."

பிறகு அண்ணன் பக்கம் திரும்பினார். "தலகாணி நனைஞ்சதுக்கா இத்தன நாளும் நான் கோவிச்சேன்? நனையலன்னு சொன்னீங்களே, அதுக்குத்தான்."

அண்ணனால் நகர முடியவில்லை. மிச்சமிருந்த ரப்பர் நாடாவை உருட்டி ஸ்க்ரூ முனையில் அப்பி, மழை விடும்வரை கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. பாய் பெருமூச்சுவிட்டார். கேரியரைத் திறந்து, மீன் குழம்பை ஊற்றிச் சோற்றைப் பிசைந்தார்.

"வேன்தான் போச்சு. சோறும் ஆறிப் போகணுமா? வாயத் தெறங்க அண்ணே."

கையைத் தூக்கியபடியே அண்ணன் வாயைத் திறந்தார்.

அந்த வாரமே கிளம்பிவிட்டார்கள். போகும்போது எலுமிச்சை பம்பரில் தொங்கியது, அக்காதான் கட்டியிருந்தார். இப்போது கங்காரிலிருந்து ஒரு படம் வரும், அப்புறம் லுமுட்டிலிருந்து ஒன்று வரும். எல்லாப் படத்திலும் அண்ணன் கண்ணை மூடியிருப்பார், அக்கா சிரித்துக்கொண்டிருப்பார். அவர்கள் வீட்டு வாசல் காலியாகக் கிடக்கிறது. பக்கத்து வீட்டுப் பூனை அங்கே வந்து படுத்துக்கொள்கிறது.

எனக்கும் புதிதாக ஒரு பழக்கம் வந்திருக்கிறது. காலையில் எழுந்ததும் கைப்பேசியில் வானிலை பார்க்கிறேன். சுங்கை பட்டாணியில் மழையா என்று அல்ல. அவர்கள் நிற்கிற ஊரில் மழையா என்று.