பளு தூக்காத தாய்மாமன்

வெற்றிக்குச் சொந்தக்காரர் என்று ஓர் இனம் உலகத்தில் உண்டு. சீமையில் ஒருத்தி பாரத்தைத் தலைக்கு மேல் தூக்கினால், யாங்கோனில் உட்கார்ந்திருக்கும் இவருக்கு மூச்சு வாங்கும். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். யாங்கோனில் எங்கள் லான்மடாப் பேட்டையில் இருப்பவர் பெயர் அமிர்தநாதன்.

ஷைலா என்கிற பெண் பிரிட்டிஷ் அணியில் பளு தூக்குகிறாள். க்யிம்யிண்டைங் படித்துறைப் பக்கம் பிறந்து, அறுபது வருடத்துக்கு முன் கப்பலேறிப் போன லூர்தம்மாளின் மகள் வயிற்றுப் பேத்தி. அமிர்தநாதன் அவளுக்குத் தாய்மாமன் முறையாம். எப்படி? லூர்தம்மாளின் நாத்தனாரைக் கட்டிய சூசைக்கு மூத்த தாரம் ஒருத்தி இருந்தாள். அவளுடைய தம்பிக்கு வாழ்க்கைப்பட்டு, மூன்றே மாதத்தில் பெட்டியோடு பிறந்த வீடு திரும்பியவள் அமிர்தநாதனின் பெரியம்மா. இவ்வளவுதான் சொந்தம். இதைப் பிடித்துக்கொண்டு ஒருவர் தாய்மாமன் ஆகலாம் என்றால், இந்த ஆற்றில் குளித்தவர்கள் எல்லாரும் எனக்குப் பங்காளிகள்.

ஷைலா மால்டாவில் ஆறாவதாக வந்தபோது இவர் வாயைத் திறக்கவில்லை. அல்பேனியாவில் வெண்கலம் வாங்கியதும் கமாலின் தேநீர்க் கடைக்கு வந்து, நாற்காலியை நடுவில் இழுத்துப் போட்டு, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, "வெண்கலம் வாங்கிட்டோம்" என்றார். தோஹாவில் மூன்று தடவையும் தவறி அவள் அழுதுகொண்டே மேடையிலிருந்து இறங்கிய வாரம் இவருக்குக் காய்ச்சல். அடுத்த வருடம் வெள்ளி. காய்ச்சல் விட்டது, தோள் வலி வந்தது. படித்துறையில் அரிசி மூட்டை சுமக்கிறவர்களை நிறுத்தி வைத்து, முழங்கை மடங்கக் கூடாது என்று பாடம் எடுத்தார். ஒரு நாளாவது அவள் தூக்குவதை இவர் பார்த்தாரா? இல்லை. பார்த்ததெல்லாம் கைப்பேசியில் வந்த படங்கள். படத்தில் பாரம் எப்போதும் மேலேயே நிற்கும்.

இந்த வருடம் அந்தப் பெண் எங்கள் மாதா கோவிலுக்குக் கடிதம் எழுதினாள். போட்டி முடிந்து யாங்கோன் வருகிறாளாம். பாட்டியின் சொந்தம் யாராவது இருந்தால் அவர்கள் வீட்டில் நான்கு நாள் தங்க ஆசையாம். லூர்தம்மாளின் கூடப்பிறந்த தங்கை தெரேசா இருக்கிறாள், எழுபத்தெட்டு வயது. அக்காளைக் கப்பலேற்றிய பிறகு அந்தக் குடும்பத்தில் ஒரு முகத்தைக்கூடக் கண்டதில்லை. ஆனால் அவளைத் தங்கவைக்கிறவர் யார் என்று குறிக்கக் கோவில் உபதேசியார் ராபர்ட் வைத்திருந்த காகிதத்தில் முந்திக்கொண்டு பெயர் எழுதியவர் அமிர்தநாதன். வீட்டுக்கு வண்ணமும் அடித்தாயிற்று.

"எங்கூட ஒரு நாளாவது இருக்கட்டுமே தம்பி," என்று தெரேசா கேட்டாள்.

"ஒங்க வீட்டு ஏணி செங்குத்துக்கா. புள்ளைக்கு முட்டி போயிரும். கூட்டத்தோட வந்து பாத்துட்டுப் போங்க."

நூறு கிலோவைத் தூக்குகிறவளால் ஏணி ஏற முடியாதாம்.

போட்டியன்று சாயங்காலம் உபதேசியார், தெரேசா உட்பட எல்லாரும் கமால் கடையில் கூடினோம். கைப்பேசியைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்தார்கள். கடைசித் தூக்கு. ஷைலா தூக்கினாள், நின்றாள், அடுத்த நொடி பாரம் தரையில் விழுந்து குதித்தது. அதோடு படம் அப்படியே நின்றுவிட்டது. எங்கள் ஊர் இணையம் அப்படி.

அமிர்தநாதனின் முகம் வெளுத்தது.

"கீழ போட்டுட்டா."

"ஒங்க மருமகளாச்சேண்ணே," என்றார் கமால், தேநீர் வடிகட்டியை உதறிக்கொண்டே.

"யாரு மருமக? சூசையோட மூத்த தாரத்து வழியெல்லாம் ஒரு சொந்தமா? அது தெரேசாக்கா வீட்டுப் புள்ள. உபதேசியாரே, எம்பேர அடிச்சிருங்க. தோத்துட்டு வர்றத வச்சுக்கிட்டு யாரு மூஞ்சியில முழிக்கிறது?"

உபதேசியார் எதையும் மெதுவாகச் செய்கிறவர். அன்றைக்கு மட்டும் பேனா ஓடியது. அந்தப் பெயரை அடித்தார், தெரேசாவின் பெயரை எழுதினார், அங்கேயே இருவரிடமும் கையெழுத்தும் வாங்கிவிட்டார்.

படம் அசைந்தது. மூன்று வெள்ளை விளக்குகள்; தூக்கு செல்லும் என்று அர்த்தமாம். தூக்கி நிறுத்தி, நடுவர் சைகை காட்டிய பிறகு எல்லாரும் அப்படித்தான் கீழே விடுவார்களாம். தங்கம்.

"நா ஒரு பேச்சுக்குச் சொன்னேன், உபதேசியாரே..."

தெரேசா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இத்தன வருசத்துல இன்னிக்குத்தான் ஒரு நெசம் சொன்னீங்க தம்பி. அதக் கெடுக்காதீங்க."

ஷைலா வந்தாள். நான்கு நாளும் தெரேசா கையால், மீன் குழம்பு ஊற்றிய சேமியாவான மொஹிங்கா சாப்பிட்டாள். ஒருத்திக்குத் தமிழ் தெரியாது, ஒருத்திக்கு இங்கிலீஷ் தெரியாது; காய்ப்பேறிய அந்த உள்ளங்கையைக் கிழவி தடவிக்கொண்டே இருந்தாள். அமிர்தநாதன் காய்ச்சலில் படுத்திருந்தார்.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். உங்கள் அக்காள் மகன் பரீட்சையில் தேறிய வருடம் "நம்ம ரத்தம்" என்றீர்கள். தவறிய வருடம், "அத்தான் பக்கத்துப் புத்தி" என்று சொன்னது யார்?