டார்ச்லைட்டும் நான் துடைத்த மேசையும்

பினாங்குத் தீவில் டார்ச் அடித்துப் பார்க்கப்படாத பாத்திரம் ஏதாவது இருந்தால், அது எங்கள் டார்ச்லைட் பிறப்பதற்கு முன்பே தொலைந்துபோன பாத்திரமாகத்தான் இருக்கும்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பேர் ஒன்று உண்டு. எங்கள் அடுக்குமாடியில் அது யாருக்கும் ஞாபகமில்லை. ஐம்பது வயது, பெரிய மீசை, சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு சின்ன டார்ச். வேலை பார்த்த பேக்டரியை மூடிவிட்டார்கள். மனுஷர் வீட்டில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் படம் செய்யக் கற்றுக்கொண்டார். வரைவது இல்லை, செய்வது. உள்ளேயே மேசை செய்து, கிளாஸ் செய்து, அதில் தேத்தண்ணி ஊற்றி, போட்டோ பிடித்த மாதிரி காட்ட வேண்டுமாம்.

"கம்ப்யூட்டருக்கு ஒண்ணுமே தெரியாது அக்கா. எது மெழுகு, எது மார்பிள், எது மீனுன்னு நாமதான் சொல்லணும். வெளிச்சம் பட்டா எவ்ளோ வழுக்கணும், எவ்ளோ உள்ள போவணும், எல்லாம் சொல்லணும். அதுக்குப் பேருதான் ஷேடர்" என்று அடுத்த வீட்டுக்காரியான எனக்குப் பாடம் நடத்தினார்.

"அப்ப அதுவும் உன்ன மாதிரிதான்னு சொல்லு" என்றேன். கோபித்துக்கொள்ளவில்லை. என் மூக்குத்தியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் பார்க்கும் விதமே தனி. குனிந்து, ஒரு கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, பொருளின் ஓரத்திலிருந்து பார்ப்பார். பாசாரில், மீன் கடையில், ஒரு கெம்போங் மீனைத் தூக்கி இப்படித் திருப்பி அப்படித் திருப்பி டார்ச் அடித்தார். மீன்கார பாய் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "வாங்கப் போறீங்களா, வைத்தியம் பாக்கப் போறீங்களா?" என்று கேட்டார். கோயிலில் குத்துவிளக்கின் மேல் டார்ச் அடித்தபோது ஐயர், "விளக்குக்கே வெளிச்சம் காட்டுறீங்களே" என்று கையெடுத்துக் கும்பிட்டார். ஒரு கல்யாணத்தில் பொண்ணுடைய பட்டுச் சேலை முந்தானைக்குப் பக்கத்தில் குனிந்துவிட்டார். பொண்ணுடைய மாமா இவர் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கியபோதுகூட, "நூலு ரெண்டு கலர்ல மினுக்குது அண்ணே, நீங்களே பாருங்க" என்று அவரிடமே டார்ச்சை நீட்டினார். மாமாவும் பார்த்தார். அதுதான் வேடிக்கை.

வீட்டில் மட்டும் வேடிக்கை இல்லை. அவர் மனைவி சரசு கெடு வைத்துவிட்டாள். "தீபாவளிக்குள்ள வேல கெடைக்கலன்னா சிம்பாங் அம்பாட்ல எங்கண்ணன் டயர் கடைக்குப் போயிடணும்லா."

டார்ச்லைட் என்னிடம் வந்து புலம்பினார். "டயரு என்னக்கா டயரு? கறுப்பு, சொரசொரப்பு, அவ்ளோதான் அதுக்கு ஷேடர். அதையே சாவுற வரைக்கும் பாத்துக்கிட்டு உக்காரச் சொல்றா."

கோலாலம்பூரில் விளம்பரப் படம் செய்யும் கம்பெனி ஒன்று அவருக்குப் பரீட்சை வைத்திருந்தது. சாப்பாட்டுக் கடை மேசை ஒன்று. பார்க்கிறவன் நிஜம் என்று நம்ப வேண்டும். நம்பினால் வேலை, இல்லையென்றால் டயர்.

முதல் படத்தைக் காட்டினார். "இந்தக் கொழம்பு கீழ ஊத்துனா பந்து மாதிரி துள்ளும் போலிருக்கே" என்றேன். அகார் அகார் ஜெல்லித் துண்டைப் பார்த்து, சோப்பு எதற்குத் தட்டில் இருக்கிறது என்று கேட்டேன். ஒவ்வொன்றையும் மாற்றிக்கொண்டு வந்தார். குழம்பில் எண்ணெய் மிதந்தது. அகார் அகாருக்குள் வெளிச்சம் புகுந்து வெளியே வந்தது. ஆனாலும் ஏதோ ஒன்று பொய்யாகவே இருந்தது. நாளை அனுப்பியாக வேண்டும் என்று மத்தியானம் வந்து என்னைக் கையோடு கூட்டிக்கொண்டு போனார்.

பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. "இந்த மேசைய எவனும் தொடைக்கவே இல்லியே தம்பி."

"பளபளன்னுதானே இருக்கு?"

"அதான் சொல்றேன்."

துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் முப்பத்தொரு வருஷம் மேசை துடைத்தவள் நான். எனக்கு இடது கைதான் வரும். "எடது கையால பரிமாறாத" என்று முதலாளி என் கையில் துணியைக் கொடுத்து மேசை துடைக்க அனுப்பிவிட்டார். பரிமாறுகிறவர்களுக்குத்தான் 'அக்கா, தங்கச்சி' எல்லாம். துடைக்கிறவளை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. அதனால் என்ன, நான் துடைத்த மேசையில் உட்கார வந்த ஈ வழுக்கி விழுந்திருக்கிறது.

சரசுவின் சாப்பாட்டு மேசையில் ஈரத்துணியை ஒரு இழுப்பு இழுத்துக் காட்டினேன். காயக் காய வில் மாதிரி வளைந்த கோடுகள் தெரிந்தன. டார்ச்லைட் தரையில் மண்டியிட்டு, ஒரு கண்ணை மூடி, ஓரத்திலிருந்து வெளிச்சம் அடித்தார்.

"இன்னொரு தடவ அக்கா."

பதினோரு தடவை துடைத்தேன். என் கையை யாரும் அவ்வளவு நேரம் கவனித்ததில்லை. அப்போதுதான் சரசு கடைக்குப் போய்விட்டு உள்ளே வந்தாள். புருஷன் மண்டியிட்டிருக்க, அடுத்த வீட்டுக்காரி மேசை துடைக்கிறாள். "என்னக்கா, எங்க வீடு அவ்ளோ அழுக்காவா இருக்கு?" என்று கேட்டாள்.

படம் போனது. நாலாம் நாள் பதில் வந்தது. 'நாங்கள் கேட்டது கம்ப்யூட்டரில் செய்த படம். நீங்கள் அனுப்பியிருப்பது போட்டோ. ஏற்க முடியாது.'

சரசு நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். டார்ச்லைட்டோ மாடிப்படியெல்லாம் ஓடி, "போட்டோன்னு சொல்லிட்டான், போட்டோன்னு சொல்லிட்டான்" என்று கதவு கதவாகத் தட்டினார். இந்த ஆளுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்றே எல்லாரும் நினைத்தோம். பிறகு நிதானமாக, கம்ப்யூட்டரில் செய்ததுதான் என்பதற்குச் சாட்சியாக, அதே மேசையும் கிளாஸும் ஷேடர் எதுவும் இல்லாமல் மொட்டைச் சாம்பல் நிறத்தில் நிற்கும் படத்தை அனுப்பிவைத்தார். மறுநாளே வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள். தீபாவளிக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

கோலாலம்பூருக்குப் போகுமுன் அந்தப் படத்தைச் சட்டம் போட்டு என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். பார்த்தவர்கள் எல்லாரும் தேத்தண்ணியின் நுரையைப் பார்த்தார்கள். நான் மேசையைப் பார்த்தேன். வலது கைக்காரர் துடைத்தால் கோடு ஒரு பக்கம் வளையும். இது மறுபக்கம் வளைந்திருந்தது.

"நீ வலது கைக்காரன்தானே தம்பி?"

"நான் தொடைக்கலியே அக்கா" என்றார்.

படம் என் வீட்டுச் சுவரில் இருக்கிறது. தினமும் அதன் கண்ணாடியைத் துடைக்கிறேன், இடது கையால்தான். துடைத்துவிட்டுத் துணியை வைக்குமுன், ஒரு கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, ஓரத்திலிருந்து ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன்.