மாப்பிள்ளையும் மஞ்சள் விளக்கும்

புனேயில் சிவப்பு விளக்குக்கே யாரும் நிற்பதில்லை. மஞ்சள் விளக்குக்கு நின்றவர் எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான். அதுவும் தெருவில் எரிந்த விளக்கு இல்லை. அவருடைய காருக்குள் எரிந்தது. அதற்காகச் சொந்த மகளின் கல்யாணத்தையே காக்கவைத்தார்.

அவரை நாங்கள் மேனுவல் சார் என்போம். போசரியில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவுக்குத் தலைவர். இருபது வருடம் மராத்தியர்களோடு பழகியும் திருநெல்வேலி அவர் நாக்கை விட்டு இறங்கவில்லை. எதை வாங்கினாலும் கூட வரும் மேனுவல் புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை படிக்காமல் பொருளைத் தொடமாட்டார். புது மிக்ஸி வந்தபோது அவர் வீட்டில் இரண்டு நாள் சட்னி கிடையாது. மூன்றாம் நாள் சட்னி அரைத்தார்கள். அவர் கடிகாரத்தோடு பக்கத்தில் நின்றார்.

பிறகு கார் வாங்கினார். பதினோரு நாள் அது நின்ற இடத்திலேயே நின்றது. தினமும் சாயங்காலம் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, பெல்ட் போட்டுக்கொண்டு மேனுவல் படித்தார். சாவி தொலைந்துவிட்டது போலும் என்று இரக்கப்பட்டு, எதிர்வீட்டு மராத்திக்காரர் பூட்டுக்காரரையே கூட்டிவந்துவிட்டார்.

மகள் கல்யாணம் கட்கியில் ஒரு மண்டபத்தில் நடந்தது. ஒன்பதிலிருந்து பத்தரை முகூர்த்தம். மாப்பிள்ளை கோயம்புத்தூர்ப் பையன், ஹிஞ்சேவாடியில் சாஃப்ட்வேர் வேலை. ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அவருடைய குடும்பம் ஸ்டேஷன் பக்கம் லாட்ஜில் தங்கியிருந்தது. எல்லாரும் வேனில் முன்னால் போய்விட்டார்கள். மாப்பிள்ளையைத் தானே அழைத்துவருவதாக மேனுவல் சார் சொல்லிவிட்டார். துணைக்கு நான்.

வாக்டேவாடி தாண்டியதும் கார் ஒருமுறை தும்மியது. டாஷ்போர்டில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. எவ்வளவு மிதித்தாலும் வண்டி இருபதுக்கு மேல் போகவில்லை. மேனுவல் சார் முகத்தில் ஒரு பிரகாசம். படித்த கேள்வியே பரீட்சையில் வந்த பையனின் முகம்.

ஓரங்கட்டினார். நான்கு இண்டிகேட்டரையும் போட்டார். எஞ்சினை அணைத்தார். மேனுவலை எடுத்தார்.

"எஞ்சின் பவரை கம்ப்யூட்டரே கொறைச்சிருக்கு வே, மேல கெட்டுப் போவாம இருக்க. கொஞ்ச நேரம் பொறுத்து ஸ்டார்ட் பண்ணணும்."

"சார், மணி ஒன்பது பத்து! நான் ஆட்டோ புடிக்கிறேன்."

புனே ஆட்டோக்கள். மூன்று பேர் வரமாட்டேன் என்று தலையாட்டிவிட்டுப் போனார்கள். நான்காவது ஆட்டோக்காரர் பட்டு வேட்டி மாப்பிள்ளையைப் பார்த்து நிறுத்தி, மனதார வாழ்த்திவிட்டுப் போனார்.

பத்து நிமிடம் கழித்து எஞ்சின் கிளம்பியது. விளக்கு அணையவில்லை.

"அணையலேன்னா மெதுவா பக்கத்து சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோகச் சொல்லியிருக்கு."

"மண்டபத்துக்கு, சார்?"

"மண்டபம்னு போடல வே."

சர்வீஸ் சென்டர் போபோடியில், மண்டபத்தையும் தாண்டி. எங்கள் காரைக் கண்டதும் மண்டப வாசலில் நாதஸ்வரம் எடுப்பாகத் தொடங்கியது. ஆரத்தித் தட்டோடு பெண்கள் முன்னால் வந்தார்கள். கார் சைக்கிள் வேகத்தில் அவர்களைக் கடந்து போனது. மாப்பிள்ளை எல்லாரையும் கும்பிட்டார். நாதஸ்வரம் பாதியில் நின்றது. சம்பந்தியம்மா பின்னாலேயே ஓடிவந்தார். இன்னும் கொஞ்சம் முயன்றிருந்தால் எங்களை முந்தியிருப்பார்.

"மாப்பிள்ளையையாவது இறக்கி விட்டிருக்கலாமே, சார்!"

"நிறுத்துனா திரும்பக் கெளம்புமோ என்னமோ."

பின்சீட்டிலிருந்து மாப்பிள்ளை முதல் முறையாக வாய் திறந்தார். "மாமா, ஏ.சி.யை அணைச்சுட்டா எஞ்சினுக்குக் கொஞ்சம் சுமை குறையுமுங்க."

மேனுவல் சார் கண்ணாடியில் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பெண் பார்க்க வந்த அன்றுகூட அப்படிப் பார்த்திருக்க மாட்டார்.

சர்வீஸ் சென்டரில் மெக்கானிக் குனிந்து, ஆக்சிலரேட்டருக்குப் பின்னால் கைவிட்டு எதையோ உருவினார். தாம்பூலப் பைக்கு வாங்கிய சின்னத் தேங்காய். காலையில் பின்னால் இடமில்லை என்று டிரைவர் சீட்டுக்கு அடியில் ஒரு பையை நான்தான் திணித்திருந்தேன். அதிலிருந்து உருண்டுபோய், சென்சார் ஒயரை இடித்துத் தளர்த்தியிருக்கிறது.

"வேகமாகப் போயிருந்தால் இது பிரேக்குக்கு அடியில் மாட்டியிருக்கும்" என்று மெக்கானிக் இந்தியில் சாதாரணமாகச் சொன்னார். மாப்பிள்ளை மாலையைச் சரிசெய்துகொண்டார். ஒயரை மாட்டி, தன் கருவியால் கோளாறுப் பதிவை மெக்கானிக் அழித்ததும் விளக்கு அணைந்தது.

முகூர்த்தம் முடியப் பத்து நிமிடம் இருக்கையில் தாலி ஏறியது.

அதன்பின் இரண்டு குடும்பமும் சேர்ந்து அவரைப் பிடித்துக்கொண்டது. "உங்களுக்குக் கிறுக்கு புடிச்சிட்டா?" என்றார் அவர் மனைவி. தேங்காய்க் கதையை அதற்குள் கேள்விப்பட்டிருந்த சம்பந்தி, "அதெல்லாம் இருக்கட்டுங்க. தேங்காயை அங்கே கொண்டுபோய் வெச்சது யாருங்க?" என்றார்.

நான் வாய் திறப்பதற்குள், மேனுவல் சார் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "நாந்தான். வேற யாரு வைப்பா?"

சீட்டுக்கு அடியில் எதையும் வைக்கக் கூடாது என்று மேனுவலில் இருக்கிறது. அதை மனப்பாடமாக ஒப்பிப்பவர் அவர். அவர் சொன்னதை யாருமே நம்பியிருக்கக் கூடாது, எல்லாரும் நம்பினார்கள்.

பந்தியில் அவருக்குப் பக்கத்தில் உட்கார யாரும் வரவில்லை. நான் போய் உட்கார்ந்தேன்.