நாற்பது எலிகளும் நாற்பது அட்டைகளும்

மதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

இங்கு யாவரும் நலம்; தாங்களும் அக்காவும் அவ்வாறே இருக்க விழைகிறேன். தங்கள் மகளின் முனைவர் பட்ட ஆய்வுக்கு என்னால் நேரவிருந்த கேட்டையும், அதை நானே களைந்த விதத்தையும் முறைப்படி தெரிவிப்பது, விலங்குக்கூடக் கண்காணிப்பாளன் என்ற வகையிலும் தாய்மாமன் என்ற வகையிலும் என் கடமை.

ஓரிடத்தில் நிலைகொள்ளாமல், எதிலும் கவனம் நிற்காமல் அலையும் குழந்தைகளின் கோளாற்றை ஆராய, அதே இயல்புள்ள இருபது எலிகளை அவள் மூன்றாண்டுகளாகத் தலைமுறை தலைமுறையாக வளர்த்தெடுத்தாள். ஒப்பிடுவதற்கு அமைதியான எலிகள் இருபது. நாற்பதும் வெள்ளை, கூண்டில் தொங்கும் அட்டைதான் அடையாளம். சென்ற வியாழனன்று வரவுப் பதிவேட்டைச் சரிபார்த்தபோது எனக்கு உயிரே இல்லை. சன்னலோர அடுக்கில் துடிப்பானவை, சுவரோரத்தில் அமைதியானவை என்று அதில் தெளிவாக இருக்க, மூன்று மாதங்களுக்கு முன் கூண்டுகளைக் கழுவிய நாளில் நான் அட்டைகளை நேர்மாறாக மாட்டியிருக்கிறேன். மறுநாள் காலையிலோ அமைதியானவற்றைக் கொன்று மூளையை எடுக்க வேண்டும். துடிப்பானவை அடுத்த மாத மருந்துச் சோதனைக்கு உயிரோடு வேண்டும். அவளோ காய்ச்சலில் விடுப்பு. படுத்திருப்பவளைக் கலங்கடிப்பானேன் என்று நாற்பது அட்டைகளையும் நானே இடம் மாற்றி, மூன்று மாதப் பதிவுகளின் தலைப்புகளையும் சிவப்பு மையில் திருத்திச் சுருக்கொப்பமிட்டேன். வெள்ளியன்று அவற்றைக் கொல்லும் வாயுப் பெட்டிக்கு எடுத்துச் செல்கையில் கூண்டு கழுவுபவர், "இதுங்களா சார் அமைதியான எலி? கையில நிக்கவே மாட்டேங்குது," என்றார். அட்டையைப் படிக்கச் சொன்னேன். "நான் படிச்சிட்டேன் சார். அதுங்கதான் படிக்கல போல," என்றார். சாவின் அச்சம் என்று விளக்கி, வரிசை எண் பிசகாமல் இருபதையும் முடித்தேன்.

ஆகவே ஆய்வுக்குப் பழுதில்லை. அக்காவுக்கு என் வணக்கம். தங்கள் இல்லத்தில் எந்தக் குறையும் அணுகாதிருக்கட்டும்.

பணிவுள்ள,
தங்கள் மைத்துனன்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன், இன்று பணிக்குத் திரும்பியவளிடம் விவரம் சொன்னேன். மேசையைப் பிடித்துக்கொண்டாள். "அட்டை மாறினத கூண்டு கழுவின அன்னைக்கே பார்த்துட்டேன் மாமா. அட்டையை யாரும் தொடக்கூடாதுன்னு கதவுலயே எழுதி ஒட்டியிருக்கீங்க. அதான் அட்டைய விட்டுட்டு எலிங்களையே இடம் மாத்தி வெச்சேன்." ஆக, வியாழனன்று நான் மாற்றியது சரியாக இருந்த அட்டைகளை; நான் கொன்றவை துடிப்பானவை. மேலே எழுதியவற்றில் தங்கள் நலம் விழைந்த வரி மட்டுமே செல்லும். அவள் எஞ்சிய இருபதின் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். ஒன்றுகூட அசையவில்லை. அக்காவை அழைத்துக்கொண்டு உடனே வரவும்.