பிரிக்பீல்ட்ஸ் கேப்டனும் அவருடைய கப்பல் கவர்களும்

கப்பல் என்றால் உயிரையே விடக்கூடிய, ஆனால் கப்பலில் ஏறினால் உயிரே போய்விடக்கூடிய மனிதர் மலாயா முழுவதிலும் ஒருவர்தான் இருந்தார். அவர் எங்கள் கேப்டன்.

1930களில் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் கல்யாணமாகாத ரயில்வே குமாஸ்தாக்கள் சிலர் சேர்ந்து மெஸ் நடத்தினோம். ஒரு வாடகை வீடு, முனியாண்டி என்றொரு சமையல்காரர். நாங்கள் பட்டப்பெயராகக் கேப்டன் என்றழைத்தவருக்குக் கூட்ஸ் ஷெட்டில் வேலை. நாகப்பட்டினத்தில் கப்பலேறியதிலிருந்து பினாங்கில் இறங்கும்வரை விடாமல் வாந்தி எடுத்தவர். அதன்பிறகு குளத்தில் மிதக்கும் படகைப் பார்த்தாலும் எலுமிச்சம்பழம் கேட்பார்.

அப்படிப்பட்டவருக்கு ஒரு பிரிட்டிஷ் டெஸ்ட்ராயர் மீது காதல். பத்திரிகையில் அந்தப் போர்க்கப்பலின் படத்தைப் பார்த்த அன்றே கப்பலின் தபால்காரருக்கு எழுதிப் போட்டுவிட்டார். தன் விலாசம் எழுதிய காலி உறை ஒன்றை உள்ளே வைத்து, கப்பல் முத்திரை குத்தித் திருப்பி அனுப்பும்படி விண்ணப்பம். வந்துவிட்டது! பிறகு மால்டாவிலிருந்து ஒன்று, ஏடனிலிருந்து ஒன்று, ஹாங்காங்கிலிருந்து ஒன்று. உள்ளே ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்காது. ஆனாலும் கவர் வந்த நாளில் மெஸ்ஸில் பாயசம்.

பாயசத்தோடு கப்பலின் சரித்திரமும் உண்டு. 1914-ல் தொடங்கிய பெரிய யுத்தத்தில் அது மூன்று ஜெர்மன் கப்பல்களை மூழ்கடித்ததாம். தீபாவளி வருவதற்குள் மூன்று ஐந்தாகிவிட்டது. முனியாண்டி வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருப்பார். அடுப்பில் ரசம் பொங்கி வழியும்.

ஒருமுறை ஹாங்காங் கவர் சட்டைப் பையோடு சலவைக்குப் போய்விட்டது. கேப்டன் டோபியின் தொட்டிக்குள் முழங்கைவரை கையை விட்டுத் துழாவினார். "யோவ், சீனக் கடல் புயல்ல முழுகாம வந்த கவருய்யா! உன் சோப்புத் தண்ணியில முழுகடிச்சிட்டியே!"

டோபி அசரவில்லை. "புயல்ல சோடாக் காரம் கிடையாது, அண்ணே."

ஒரு நாள் பத்திரிகையில் செய்தி வந்தது. கப்பலுக்கு வயதாகிவிட்டது, உடைப்பதற்காக இங்கிலாந்து திரும்புகிறது, வழியில் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் நிற்கும், ஞாயிற்றுக்கிழமை பொதுமக்கள் பார்க்கலாம். கேப்டன் பாதிக் குளியலில் துண்டோடு ஓடிவந்தார். "வர்றாய்யா! நம்மளப் பாக்கவே வர்றா!"

"கரையிலிருந்து படகுல போகணுமாம், கேப்டன்" என்றேன்.

அவர் முகம் வெளிறியது. "போவோம் லா. செத்தாலும் அவ மேல ஏறிட்டுத்தான் சாவேன்."

மெஸ்ஸே கிளம்பியது. ரயில் கிள்ளானைத் தாண்டும்போதே கேப்டன் எலுமிச்சம்பழத்தைக் கடிக்க ஆரம்பித்துவிட்டார். படகில் கண்ணை இறுக மூடிக்கொண்டு என் மடியில் தலை வைத்துப் படுத்தவர், கப்பலின் ஏணி கையில் பட்டதும் குரங்குபோல் விறுவிறுவென்று ஏறினார். மேலே போனதும் பீரங்கியைக் கட்டிக்கொண்டார்.

நரைத்த தாடியுடன் ஒரு மாலுமி வந்து கேப்டனின் பெயரைக் கேட்டார். அவர்தான் கப்பலின் தபால்காரர். பெயரைக் கேட்டதும் அவர் கேப்டனின் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். "ஒவ்வொரு துறைமுகத்திலும் உங்கள் உறை வந்திருக்கிறதா என்று எல்லாரும் கேட்பார்கள். எங்கள் ஓட்டைக் கப்பலையும் ஒரு மனிதர் நினைத்துக்கொண்டிருக்கிறாரே என்று!"

அந்த நேரம் பார்த்து முனியாண்டி என் தோளைத் தட்டினார். "தம்பி, அந்த அஞ்சு கப்பலையும் எந்த பீரங்கியால சுட்டாங்கன்னு கேளுங்க."

கேப்டன் கண்ணால் கெஞ்சினார். ஆனால் பக்கத்தில் நின்ற எங்கள் ஆள் ஒருவன் ஆங்கிலத்தில் கேட்டேவிட்டான். தபால்காரர் விழித்தார். "ஐந்தா? இந்தக் கப்பலைக் கட்டித் தண்ணீரில் இறக்குவதற்குள் யுத்தமே முடிந்துவிட்டது. பயிற்சியில் சுட்டிருக்கிறோம். ஒருமுறை குறி தப்பி, இலக்கை இழுத்துப் போன கயிற்றை அறுத்துவிட்டோம்."

நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். கேப்டன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தார். சிரிப்பு மெல்ல அடங்கிப்போனது.

தபால்காரருக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். "ஆனால் ஹாங்காங் பக்கம் ஒரு புயலில் மீன்பிடிக் குடும்பங்களைக் கடலிலிருந்து தூக்கினோம்" என்றார். "கிழவர்கள், கைக்குழந்தைகள் எல்லாரையும். ஒரு கிழவி தன் பன்றி இல்லாமல் ஏறமாட்டேன் என்றாள். அதையும் தூக்கினோம்."

கேப்டன் திரும்பினார். முகத்தில் ரத்தம் ஏறிவிட்டது. "பன்னியையுமா?"

"பன்றியையும்தான். சமையலறையில் படுத்துக்கொண்டது."

"கேட்டீங்களாய்யா! கொல்ற கப்பல் ஆயிரம் இருக்கு லா. பன்னிக்கு இடம் குடுத்த கப்பல் எங்க இருக்கு?" என்று கத்தினார் கேப்டன். அத்தோடு அவர் சொல்லும் சரித்திரத்தில் ஜெர்மானியர்கள் உயிர் பிழைத்தார்கள். அடுத்த மாதமே அதில் பன்றி மூன்று குட்டி போட்டது.

கப்பலை உடைத்த பிறகு கவர் வரவில்லை. எங்கள் தெருத் தபால்காரர் மெஸ்ஸைத் தாண்டிப் போகும்போதெல்லாம் கேப்டன் பத்திரிகையைத் தலைகீழாகப் பிடித்துப் படிப்பார். அந்தச் சமயத்தில் எனக்குக் கிள்ளானுக்கு மாற்றலாகியது. போன முதல் வாரமே ஒரு காலி உறையில் அவர் விலாசத்தை எழுதி, ஸ்டாம்பு ஒட்டிப் போட்டேன்.

உடனே பதில் வந்தது: 'கிள்ளான் முத்திரை கோணலாக விழுந்திருக்கிறது. அடுத்த தடவை தபால் ஆபீசில் நின்று பார்த்துக் குத்தச் சொல்லவும். இங்கே பாயசம் நன்றாக இருந்தது.'

அதிலிருந்து எந்த ஊருக்குப் போனாலும் நான் முதலில் தேடுவது தபால் ஆபீஸைத்தான். கேப்டன் இருந்தவரை அவருக்கு வெறும் உறைகளாகவே அனுப்பிக்கொண்டிருந்தேன். உள்ளே எழுதும்படி எங்களுக்குள் சொல்லாத சேதி எதுவும் இருக்கவில்லை.