தீர்மானத்தின் முதல் சாவு

மலாக்காவில் முறைப்படி இரண்டு தடவை செத்தவர் ஒருவர்தான். முதல் சாவை அலுவலகத்தில் பதிந்தவனே நான் என்பதால், இதை வதந்தி என்று யாரும் தள்ளிவிட முடியாது.

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்கும். எங்கள் காஜா பெராங் வட்டாரத்தில் எல்லோருக்கும் அவர் 'தீர்மானம்'தான். குழாயடியில் நாலு பேர் நின்றால் போதும், ஐந்தாவதாக வந்து தலைமை ஏற்றுக்கொள்வார். சாப்பாட்டுக் கடையில் சாம்பாருக்கு உப்பு குறைந்தால் கண்டனத் தீர்மானம். ஒரு கல்யாணத்தில் தாலி ஏறும் நேரம் பார்த்து "ஆட்சேபணை உண்டா?" என்று கேட்டு அடி வாங்கப் பார்த்தார். ஆனால், பத்து பெரெண்டாம் பக்கத் தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் ஒருவன் பால்மரம் வெட்டும் பெண்ணைக் கை நீட்டி அடித்தான் என்று கேள்விப்பட்டதும் சைக்கிளில் போய், அவன் மன்னிப்புக் கேட்கும்வரை அவன் வாசலிலேயே கூட்டம் நடத்தியவரும் அவர்தான். அதனால் எங்கள் சிரிப்பெல்லாம் அவர் முதுகுக்குப் பின்னால் மட்டும்.

மனிதருக்குக் குடும்பம் இல்லை. இருந்த ஒரே சொத்து மீசை. முடிவெட்டும் நாகப்பன் வாரம் ஒரு முறை எண்ணெய் தடவி அதை முறுக்கிவிடுவார். அது நடக்கும்போது மட்டும் தீர்மானம் பேசமாட்டார்.

ஜப்பான்காரன் வந்தான். அனுமதியில்லாமல் கூட்டம் கூடக்கூடாது என்றான். நாங்கள் எல்லாரும் அரிசி இல்லாமல் இளைத்தோம். தீர்மானம் கூட்டம் இல்லாமல் இளைத்தார்.

பிறகு சயாமில் ரயில் பாதை போடத் தெருவுக்கு ஓர் ஆள் தரவேண்டும் என்று உத்தரவு வந்தது. முன்னே போனவர்கள் யாரும் திரும்பவில்லை என்பது அதற்குள் ஊருக்கே தெரியும். எங்கள் தெருப் பொறுப்பாளர், முடிவெட்டும் நாகப்பனின் பெயரைக் கொடுத்துவிட்டார். காரணம் எளிது: நாகப்பனுக்காகச் சண்டைக்கு வர இங்கே சொந்தக்காரர் எவரும் இல்லை. நாகப்பன் மனைவிக்கு அப்போது நிறைமாதம்.

நான் நகர அலுவலகத்தில் அரிசிப் பங்கீட்டுப் பிரிவில் இளம் குமாஸ்தா. தீர்மானம் என்னைத் தேடி வந்தார்.

"கூட்டம் போடணும் தம்பி."

"அனுமதி கேக்கணும் அண்ணே. கேட்டா உங்களயும் சேத்து லோரில ஏத்திருவான்."

"எதுக்கு அனுமதி வேணாம், அதச் சொல்லு."

விதிகளை மனதுக்குள் புரட்டினேன். "சாவு வீட்டுக்கு வேணாம்."

அன்று மத்தியானமே அவர் வீட்டில் கூடினோம். ஊதுவத்தி, குத்துவிளக்கு எல்லாம் தயார். செத்தவர்தான் கிடைக்கவில்லை. யாரும் தன் பெயரைத் தரச் சம்மதிக்கவில்லை; அபசகுனமாம்.

"சரி, மறைந்தவராக என்னையே முன்மொழிகிறேன். வழிமொழிவது யார்?" என்றார் தீர்மானம்.

எல்லாக் கையும் உயர்ந்தது. அவர் கொண்டுவந்த தீர்மானங்களில் ஒருமனதாக நிறைவேறியது அதுதான். அவருடைய மீசைப் படத்துக்கு மாலை போட்டு, அதன் கீழேயே நாற்காலி இழுத்துப் போட்டு அவர் பேச ஆரம்பித்தார். நாகப்பன் ஒருவனின் பிரச்சினை அல்ல இது, தெருவின் பிரச்சினை என்று தொடங்கியவர் நிறுத்தவே இல்லை. பக்கத்து வீட்டுச் செட்டி அக்காவுக்குத் தமிழ் வராது. மலாக்காச் செட்டிகள் தலைமுறைகளாக வீட்டில் பேசுவதெல்லாம் மலாய்தான். அவர் என் காதருகே குனிந்து, "சூடா மாத்தி, லாகி சாக்காப்" என்றார். செத்த பிறகும் பேச்சு நிற்கவில்லையே என்று அலுத்துக்கொண்டார்.

ஆளை ஏற்றிப்போக மறுநாள் வரவேண்டிய லோரி அப்போதே வந்து நின்றது.

ஜப்பானிய அதிகாரி உள்ளே வந்தான். கூடவே மொழிபெயர்ப்பாளர், தெங்கேராவைச் சேர்ந்த தமிழர். மாலையைப் பார்த்ததும் அதிகாரி தொப்பியைக் கழற்றிப் படத்துக்குக் குனிந்து வணங்கினான். நிமிர்ந்தான். படத்தில் ஒரு மீசை. நாற்காலியில் அதே மீசை.

"யாருய்யா செத்தது?" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

"எங்க அண்ணன்," என்றார் தீர்மானம்.

"அச்சு அசல் ஒன்னாட்டம் இருக்காரு?"

"கெம்பார், கெம்பார்," என்று செட்டி அக்கா ஓவென்று அழுதார். இரட்டைப் பிள்ளைகளாம். அந்த நேரத்தில் அவருக்கு எங்கிருந்து கண்ணீர் வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"நாகப்பன் யாரு? ஏறச் சொல்லு."

"அவரு இல்லாம காரியம் நடக்காதுங்க. இன்னும் எனக்கு முடி எறக்கல. பாதியில விட்டா அண்ணன் போகமாட்டாரு. யாரு தடுத்தாங்களோ அவங்க பின்னாலயே வருவாரு. உசுரோட இருக்கும்போதே வுடமாட்டாரு."

மொழிபெயர்ப்பாளர் இதைச் சொல்லி முடிக்கும்போது அவர் முகமே வெளுத்திருந்தது. அதிகாரி சுவரோரம் போய் நின்றான். செய்து காட்டு என்று பொருள்.

நாகப்பன் கத்தியை எடுத்தார். தலையை மழித்து முடித்ததும் மீசையருகே நிறுத்தினார். "அண்ணே, மீசை..." என்றார்.

"எறக்கு நாகப்பா. துக்க வீட்டுல மீசை எதுக்கு?"

மீசையின் ஒரு பாதி தரையில் விழுந்தபோது நாகப்பன் நிஜமாகவே விசும்பினார். அதைக் கேட்டு எல்லோரும் அழுதோம். அவ்வளவு நல்ல சாவு வீட்டை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

"அப்ப இந்தத் தெருவுக்கு ஆளு?" என்றார் மொழிபெயர்ப்பாளர், குரலைத் தாழ்த்தி.

"எங்க அண்ணனத்தான் அனுப்புறதா இருந்தோம். முந்திக்கிட்டாரு," என்றார் தீர்மானம்.

மொழிபெயர்ப்பாளர் படத்தைப் பார்த்தார். மொட்டையாகி உட்கார்ந்திருந்தவரையும் பார்த்தார். பிறகு ஜப்பானிய மொழியில் ஏதோ சொன்னார். என்ன சொன்னாரோ, அதிகாரி இன்னொரு முறை படத்தை வணங்கிவிட்டுப் போனான். எங்கள் தெருவிலிருந்து யாரும் இல்லாமலே லோரி கிளம்பியது.

அடுத்த நாள் தீர்மானம் அலுவலகத்துக்கு வந்து தன் அரிசி அட்டையை என் மேசையில் வைத்தார். இறந்தவர் அட்டையைத் திருப்பித் தருவது விதி. இறந்தவரே நேரில் வந்து தருவதற்கு விதி கிடையாது. பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே 'இறந்தார்' என்று எழுதினேன்.

"தம்பிக்காரனுக்குப் புது அட்டை குடு," என்றார்.

"தம்பி பொறந்ததுக்கு அத்தாட்சி வேணுமே அண்ணே."

"பொறக்காதவனுக்கும் பசிக்கும்பா. அது அடிப்படை உரிமை." ஒரு மணி நேரம் வாதாடினார். விதி அசையவில்லை, அசைத்தால் லோரி திரும்பி வரும் என்று இருவருக்கும் தெரியும்.

ஜப்பான்காரன் போகும்வரை அவருக்குச் சோறு போட்டது தெருதான். ஒரு வீட்டில் மரவள்ளி, அடுத்த வீட்டில் கேழ்வரகு. நாகப்பன் வாரம் தவறாமல் வந்து அவரை மழித்துவிட்டுப் போவார். மீசை முளைத்தால் அண்ணன் உயிர்த்துவிடுவாரே. நாகப்பன் மகனுக்கு அந்த வழவழத்த தலையைத் தட்டுவதுதான் முதல் விளையாட்டு.

சண்டை முடிந்தது, மீசை திரும்பியது, மனுக்களும் திரும்பின. தோட்டக் கூலி, குடியுரிமை, கம்பத்து வீடுகளுக்குத் தண்ணீர் என்று கடைசிவரை ஓயவில்லை. நான் மாற்றலாகிப் போன அலுவலகம் ஒவ்வொன்றிலும் எனக்கு முன்னால் அவர் மனு போய் உட்கார்ந்திருக்கும். குறித்த படிவத்தில் ஒன்றுகூட இருந்ததில்லை. ஒன்றைக்கூட நான் திருப்பி அனுப்பியதும் இல்லை. பாராட்டு விழா எடுக்கிறோம் என்று சங்கத்தார் கேட்டபோதெல்லாம், "மாலை போட்ட படத்துக்குக் கீழ ஒரு தடவ ஒக்காந்தாச்சு, போதும்," என்று எழுந்து போய்விடுவார்.

ஆகவே விழா அவருடைய இரண்டாவது சாவில்தான் நடந்தது. புக்கிட் ரம்பாயிலிருந்தும் எங்கெங்கோ தோட்டங்களிலிருந்தும் வந்து தெருவை நிறைத்தார்கள். கூட்டத்துக்கு யாரும் அனுமதி வாங்கவில்லை. செட்டி அக்கா அவர் பக்கத்தில் நெடுநேரம் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு என்னைப் பார்த்து, "தாக் சாக்காப்" என்றார். அவர் பேசவில்லையாம்.

முடி இறக்கப் பிள்ளை யார் என்று கேட்டார்கள். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் தலையையே மழித்த நாகப்பன் கத்தியை மகன் கையில் கொடுத்துவிட்டு, பலகையில் போய் உட்கார்ந்து தலையைக் குனிந்தார்.

முன்மொழிய ஆள் வந்துவிட்டது. சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, நாகப்பனுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, நானும் தலையைக் கொடுத்து வழிமொழிந்தேன்.